கடைசியாகச் சாப்பிடும் தாய்

கடலோரக் குடும்பங்களில் இரத்தசோகை: ஒரு விளக்கம்



புதுக்கோட்டை மாவட்டத்தில், கோட்டைப்பட்டினத்திற்கு அருகே, பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது ஜெகதாப்பட்டினம். விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் நிற்கும் மீன்பிடி தளம் அது. பத்திரிகைகளில் இந்த ஊரின் பெயரை நீங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு காரணத்திற்காகத்தான் வாசித்திருப்பீர்கள்: கடலுக்குப் போன மீனவர்கள் இலங்கைக் கடற்படையினரால் பிடிக்கப்பட்டார்கள் என்ற செய்தி. ஆண்கள் கரை திரும்பும் வரை வீட்டிலிருக்கும் பெண்கள் எதைச் சாப்பிட்டார்கள், எப்படி நாளைக் கழித்தார்கள் என்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. உங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றியதும்தான்.

இப்படிப்பட்ட கடலோர வீடு ஒன்றை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். விடியுமுன் எழுந்த தாய் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தேநீர் குடிக்கிறாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். படகு வந்ததும் மீன் பிரிக்க, கருவாடு காயப்போட, கூடை சுமக்க ஓடுகிறாள். பகலில் இன்னொரு தேநீர். இரவில் சோறு ஆனதும் முதலில் கணவனுக்கு, பிறகு மாமனார் மாமியாருக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. எல்லாரும் எழுந்த பின் சட்டியில் மீந்திருக்கும் குழம்பில் சோற்றைப் பிசைந்து அவள் சாப்பிடுகிறாள். மீன் துண்டு தீர்ந்து போயிருக்கும். "எனக்கு எதுக்கு, எனக்குக் குழம்பு போதும்" என்பாள். அன்பினால்தான் அப்படிச் சொல்கிறாள். ஆனால் அந்த அன்புக்கு அவளுடைய இரத்தம் விலையாகப் போகிறது.

முகம் வெளுத்தால் அழகா?

"முன்னே மாதிரி இல்லை, முகம் வெளுத்துப் போச்சு, முடி கொட்டுது, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது" என்று பெண்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்பவர்கள், "வயசாகுதில்ல" என்பார்கள். இல்லையென்றால் ஒரு முகப்பூச்சையோ தலைக்கு ஓர் எண்ணெயையோ சொல்வார்கள். வெளுப்பை நிறமென்று எண்ணி மகிழ்கிறவர்களும் உண்டு.

கீழ்க்கண்ட அடையாளங்களைக் கவனியுங்கள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறியிருக்கக் கூடாது. நாக்கு வழவழப்பாகி வெளுத்திருப்பது, வாயின் ஓரங்களில் வெடிப்பு, நகம் எளிதில் உடைவது அல்லது கரண்டி போலக் குழிவது, காரணமில்லாத களைப்பு, தலைச்சுற்றல், படபடப்பு ஆகியவை இரத்தக் குறைவின் அறிகுறிகள். பச்சரிசி, சாம்பல், மண், ஐஸ் கட்டி இவற்றைத் தின்ன வேண்டும் என்ற தீராத ஆசையும் அப்படித்தான். அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டுகிறோம். பல வேளைகளில் அது இரும்புச்சத்து குறைந்த உடலின் முறையீடு.

இவற்றை முகப்பூச்சால் மறைக்க முயல்வது வீண் மட்டுமல்ல, ஆபத்தும் கூட. தயாரித்தவர் யார் என்ற விவரமின்றி விற்கப்படும் சில சிவப்பழகுப் பூச்சுகளில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோல் வழியாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய பூச்சுகளைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை 2023ஆம் ஆண்டில் மருத்துவர்கள் வெளிப்படுத்தினார்கள். முகத்தின் பொலிவு கடையில் கிடைப்பதல்ல. நல்ல இரத்தத்தில் இருந்து வருவது. அதுபோலவே, உடற்பயிற்சி தொடங்க விரும்பும் சகோதரிகள், சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குமானால், முதலில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரத்தசோகை என்றால் என்ன?

நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்களில் ஹீமோகுளோபின் என்ற பொருள் இருக்கிறது. நுரையீரலில் இருந்து பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு உடல் முழுவதும் கொண்டுபோய் இறக்கும் சுமைதூக்கி என்று அதைச் சொல்லலாம். அதை உண்டாக்க இரும்புச்சத்து வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபினாவது இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 11 கிராம். கர்ப்பிணிக்கு 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது கடுமையான இரத்தசோகை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை.

இது ஏதோ சில ஏழைப் பெண்களின் நோய் என்று எண்ண வேண்டாம். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இந்திய அளவில் இது 57 சதவீதம். உங்கள் ஆலயத்தில் பெண்கள் அமரும் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். இளவயதுப் பெண்களில் இரண்டு பேருக்கு ஒருவர் என்பது கணக்கு.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

ஒவ்வொரு மாதவிலக்கிலும் இரத்தத்தோடு இரும்பும் போகிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆகவேதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த உணவு அளவில், ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு என்றால் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று குறித்திருக்கிறது. அதாவது, அதிக இரும்பு தேவைப்படுகிறவள் பெண். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளும் அவளே. இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் இரத்தசோகை பிறக்கிறது.

கர்ப்ப காலத்தில் தேவை இன்னும் கூடுகிறது. குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் தாயின் பெருகும் இரத்தத்திற்கும் சேர்த்து, ஒரு கர்ப்பம் முழுவதற்கும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கர்ப்பத்திற்கு முன்பே வெறுமையாக இருக்கும் உடலால் இதைக் கொடுக்க முடியாது. அடுத்தடுத்துப் பிள்ளை பெறும்போது நிலை இன்னும் மோசமாகிறது.

கொக்கிப்புழு இன்னொரு காரணம். மணற்பாங்கான ஈர மண்ணில் மனிதக் கழிவு கலந்தால் இதன் குஞ்சுகள் வளரும். வெறுங்காலில் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து உள்ளே சென்று, நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து, அங்கே ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். எவ்வளவு நல்ல உணவு உண்டாலும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீராகிவிடும். காலில் செருப்பும் வீட்டில் கழிப்பறையும் இரத்தசோகைக்கு மருந்து என்றால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது உண்மை.

கடலோரத்திற்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்வளம் பெருக அது தேவைதான். ஆனால் அந்நாட்களில் வருமானம் குறையும்போதும், கணவர் வேற்று நாட்டுச் சிறையில் இருக்கும்போதும், வீட்டில் முதலில் சுருங்குவது தாயின் தட்டு. நல்ல காலத்திலும் இறால், நண்டு போன்ற விலையுள்ளவை ஏலத்திற்குப் போய்விடுகின்றன. கடலின் அருகே வாழ்ந்தும் கடலின் சத்து பெண்ணின் வாய்க்கு எட்டாமல் போவது எவ்வளவு வேதனை!

பிரசவ அறையில் என்ன நடக்கிறது?

இரத்தசோகையால் அன்றாடம் வரும் களைப்பைப் பெண்கள் சகித்துக்கொள்கிறார்கள். அதன் முழுக் கொடுமையும் பிரசவத்தன்றுதான் தெரியும். குழந்தை பிறந்ததும் ஓரளவு இரத்தப்போக்கு எல்லாருக்கும் இருக்கும். நல்ல இரத்தமுள்ள தாய் அரை லிட்டர் இழந்தாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்வாள். 7 கிராம் மட்டுமே உள்ள தாய்க்கு அதே அரை லிட்டர் உயிர்ப்போராட்டமாகிவிடும். அதுமட்டுமல்ல, இரத்தக் குறைவுள்ள தாய்க்குப் போக்கும் அதிகமாகிறது. பாகிஸ்தானிலும் மூன்று ஆப்பிரிக்க நாடுகளிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் செய்யப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், கடுமையான இரத்தசோகை உள்ளவர்களுக்கு, நடுத்தர இரத்தசோகை உள்ளவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகப் பிரசவத்திற்குப் பிந்திய பெரும் இரத்தப்போக்கு நேர்ந்தது என்று கண்டார்கள். குறைமாதக் குழந்தையும் எடை குறைந்த குழந்தையும் பிறப்பதற்கும் இரத்தசோகை காரணமாகிறது.

மிஷன் மருத்துவமனைகளின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு அமெரிக்க மிஷனெரி குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரைத் தெரிந்திருக்கும். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்களுக்கு மனமில்லை. மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவராக்கி, 1900இல் வேலூருக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் புதுக்கோட்டையில் வளர்ந்துகொண்டிருந்தார் 1886இல் அங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. அவர் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். இன்று தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்று தாய்மார் மருத்துவர் இல்லாமல் மாண்டார்கள். இன்று நிலைமை வேறு. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2017இல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஆனாலும் கடற்கரையில் இருந்து அங்கு போய்ச் சேர நேரமாகும். வெளுத்த உடலோடு புறப்படும் தாய்க்கு அந்த நேரம் போதாமல் போகலாம். மருத்துவமனை வாசலில் அல்ல, அடுப்பங்கரையிலேயே அவளைக் காக்கத் தொடங்க வேண்டும்.

அடுப்பங்கரையில் செய்ய வேண்டியவை

1. தாயின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். சோறு ஆனதும் அவளுக்குரிய மீன் துண்டையும் கீரையையும் தனிக் கிண்ணத்தில் மூடி வைத்துவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் இன்னும் நல்லது. இதற்குக் காசு செலவில்லை. கணவரும் மாமியாரும் மனது வைத்தால் போதும்.

2. மீனையும் கீரையையும் ஒரே வேளையில் சேருங்கள். கீரை, பயறு, தானியம் இவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. மீன், இறைச்சியிலுள்ள இரும்பை நன்றாக ஏற்கும். மேலும், சோற்றோடும் கீரையோடும் சிறிது மீனும் உண்டால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். விலை குறைந்த நெத்திலியும் சூடையும் இதற்குப் போதும். முள்ளோடு மென்று தின்னும் சிறு மீனில் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். மட்டி, சிப்பி வகைகளில் இரும்பு மிகுதி. கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவி உப்பைக் குறைத்துச் சமையுங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

3. கொஞ்சம் புளிப்பு சேருங்கள். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்பு உடலில் சேருவதை இரண்டு மூன்று மடங்கு கூட்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்க வைத்தால் அந்தச் சத்து குறையும். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, எள், பாசிப்பயறு, கொண்டைக்கடலை இவற்றை மாற்றி மாற்றிச் சேருங்கள்.

4. தேநீரைத் தள்ளி வையுங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவின் இரும்பில் பாதிக்கும் மேல் உடலில் சேராமல் தடுத்துவிடும். காபியும் ஓரளவு அப்படியே. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடியுங்கள். பசிக்குத் தேநீர் என்ற பழக்கம்தான் உழைக்கும் பெண்களைக் கெடுக்கிறது.

5. கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியில் தரும் சத்துமாவு மாட்டுக்கும் கோழிக்கும் அல்ல. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலுள்ள பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து மருந்தும் தாய்க்கே உரியவை. வீட்டார் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது.

மாத்திரையைப் பற்றிய பயங்கள்

கடுமையாகக் குறைந்த பின் உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் ஓர் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை வீதம் 180 நாட்களும், பிரசவத்திற்குப் பின் 180 நாட்களும் அரசு இலவசமாகத் தருகிறது. அதில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. பள்ளி மாணவியருக்கு வாரம் ஒன்று. இவ்வளவு இருந்தும் பல வீடுகளில் மாத்திரை அலமாரியிலேயே கிடக்கிறது. காரணம் பயம்.

"மலம் கறுப்பாகப் போகிறதே?" உடலில் சேராத இரும்பு வெளியேறுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. "குமட்டுகிறதே?" இரவு உணவுக்குப் பின் சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள், சில நாட்களில் பழகிவிடும். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் பழமும் உதவும். "குழந்தை கறுப்பாகப் பிறக்குமாமே, பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகுமாமே?" இரண்டும் பொய். குழந்தையின் நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் மட்டும் ஒன்றாக விழுங்காதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

"ஒரு மாதம் சாப்பிட்டேன், தெம்பாக இருக்கிறது, நிறுத்திவிட்டேன்" என்பது அடிக்கடி நடக்கும் தவறு. முதலில் ஏறுவது இரத்தத்தின் அளவு. உடலின் சேமிப்பு நிறைய அதற்குப் பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். சேமிப்பு நிறையுமுன் நிறுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும்.

ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. பி12 வைட்டமின் குறைவு, பரம்பரை இரத்த நோய்கள், சிறுநீரக நோய், மூலம், அதிக மாதவிலக்குப் போக்கு எனப் பல காரணங்கள் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரத்தம் குறைந்தால் குடலில் கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாத கர்ப்பிணிகளுக்கு இரத்த நாளம் வழியாக இரும்பு மருந்து ஏற்றும் வசதி அரசு மருத்துவமனைகளில் உண்டு. பூச்சி மாத்திரையை ஆறு மாதத்திற்கு ஒரு முறை எடுக்கலாம். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்தில் எடுக்கக் கூடாது, பிறகு மருத்துவரைக் கேட்டு எடுக்கலாம்.

ஆண்களுக்கும் ஒரு பங்கு உண்டு

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில தாய்மாருக்குப் பிரசவத்தில் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். இரத்தத்தை எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. சேகரித்த சிவப்பு அணுக்களை 35 முதல் 42 நாட்கள் வரைதான் வைத்திருக்க முடியும். ஆகவே அது யாரோ ஒருவர் அண்மையில் கொடுத்ததாக இருந்தே ஆக வேண்டும். 18 வயது நிரம்பி, 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபின் உள்ள நலமான ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒரு முறை இரத்தம் கொடுக்கலாம். பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒரு முறை. வழக்கமாக எடுப்பது 350 மில்லிலிட்டர். சிவப்பு அணுக்கள் சுமார் 120 நாட்களே வாழ்பவை. நீங்கள் கொடுக்காவிட்டாலும் அவை அழிந்து புதியவை உண்டாகத்தான் போகின்றன.

இந்தக் கட்டுரையை உங்கள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசித்தால் நலமாயிருக்கும். வாசித்த பின் ஒருவர் கண் இமையை ஒருவர் பாருங்கள். வெளுத்திருப்பவர்களை அந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஹீமோகுளோபின் சோதனை அங்கே இலவசம். விரலில் ஒரு துளி இரத்தம் போதும்.

இன்று இரவு உங்கள் வீட்டில் சோறு பரிமாறும்போது, கரண்டி பிடித்து நிற்கும் அந்தத் தாயை, "நீயும் உட்காரம்மா" என்று சொல்லி அழைத்து, மீன் துண்டை முதலில் அவளுடைய தட்டில் வையுங்கள்.